மொட்டைமாடியிலிருந்து வரைந்த படம்

சனி, ஞாயிறுகளில் படம் விற்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் கடைசி. என் கணவருக்குக் கோவில்பட்டியில் ஒரு பருத்தி மில்லில் ஆபீஸ் வேலை. வாரம் முழுக்க நான் வரைவேன். சனிக்கிழமை விடிந்ததும் படங்களைப் பழைய சேலைகளில் சுற்றி இருவரும் பஸ் ஏறுவோம். திருநெல்வேலி, தூத்துக்குடி, எப்போதாவது மதுரை. ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி போடுவார்கள். ஊறுகாய்க்கும் சுடிதார் துணிக்கும் நடுவில் எனக்கு ஒரு மேஜையும் பின்னால் ஒரு தட்டியும் கிடைக்கும்.

விற்பனையில் ஒரு நிதானமே கிடையாது. திருநெல்வேலியில் ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் போய்விட்டது. வெறும் தட்டிக்கு முன்னால் நாங்கள் இருவரும் பெருமையாக உட்கார்ந்திருந்தோம். அடுத்த மாதம் தூத்துக்குடியில் இரண்டு நாளும் மழை. ஒரு பெரியவர் மட்டும் அரைமணி நேரம் ராதாகிருஷ்ணன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். "பிரேம் மட்டும் தனியாத் தருவீகளா?" என்றார்.

பிள்ளையார் விற்கும். கண்ணாடியில் வரைந்த கிளிகள் விற்கும். ஆனால் வரைந்து வரைந்து எனக்கே அலுத்துப்போனது. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையார் வரைய வரும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் பின்வீட்டு அக்காவை வரைந்தேன்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அவர்கள் வீட்டு முற்றம் தெரியும். அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் மளிகைக் கடை இருந்தது. நொடித்துப்போய்க் கடையை மூடிவிட்டார்கள். தெருவில் யாரிடமும் அதைப்பற்றிப் பேச மாட்டார்கள். வாசல் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். முற்றத்தில் அக்கா கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் ஒரு சட்டியில், பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலந்த மைதாப் பசை. ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, முடியை அள்ளி முடிந்து, தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு ஒட்டுவாள். ஒட்டிய பெட்டிகள் அவளைச் சுற்றிக் குவிந்துகொண்டே போகும். முன்கையில் தேள் பச்சை குத்தியிருந்தாள். பசை காய்ந்து அந்தத் தேளுக்கு மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும்.

மூன்று வாரம் மாடியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இதை இன்று நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

அதை மதுரைக்குக் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் கோவில்பட்டியிலேயே ஒரு கண்காட்சி வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் மண்டபம்.

"இத இங்க வைக்காண்டாம்," என்றார் என் கணவர்.

"பாதி முகந்தான தெரியுது. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

தட்டியின் நடுவில் அதைத்தான் மாட்டினேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் ஒரு டாக்டரம்மா வந்து நின்றார். மதுரைக்காரர், கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர். வேறு எந்தப் படத்தையும் அவர் பார்க்கவில்லை. விலை பேசவும் இல்லை. கண்காட்சி நடத்துகிறவரிடம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முடிகிறவரை எதையும் தட்டியிலிருந்து இறக்கக் கூடாது என்பது இந்தத் தடவை அவர்கள் புதிதாகப் போட்ட சட்டம். படத்தின் ஓரத்தில் 'விற்றது' என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். பிள்ளையாரும் கிளியும் இல்லாத என் படத்தில் அந்தச் சீட்டை முதல்தடவையாகப் பார்த்தேன். டீ வாங்கப் போன கணவர் எப்போது வருவார், சொல்லலாம் என்று பறந்துகொண்டிருந்தேன்.

அவர் வருவதற்குள் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"ஏட்டி, இது நம்ம கடைக்கார அக்கால்லா?" என்றாள் ஒருத்தி.

"போடி. அவியளாவது, பெட்டி ஒட்டுததாவது."

"கையப் பாரு. தேளு."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"சும்மா கற்பனையா வரைஞ்சது," என்றேன்.

"கற்பனையா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஒரு இடத்தில் நின்று பேசினால் அது தெருவுக்கே பேசின மாதிரி.

ராத்திரி சாப்பிடும்போது கணவர், "இப்பவே போய்ச் சொல்லிரு. அடுத்தவங்க வாயால கேக்கதுக்கு முன்னால நீயே சொல்லிரு," என்றார். காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் எழுந்ததும், அக்கா வீட்டு வாசலைத் தாண்டாமல் அடுத்த சந்து வழியாக மண்டபத்துக்குப் போனேன்.

பத்து மணிக்கு அக்கா வந்தாள். தனியாக வந்தாள். நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பக்கத்து மேஜைக்காரர் ஊறுகாயை ருசி பார்க்கச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாப் பாத்த?" என்றாள், திரும்பாமலே.

"மூணு வாரம், அக்கா."

"நான் ஒரு தடவ கூட நிமிந்து பாக்கலியே."

நான் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு சாயந்தரம் கயத்தாத்துல இருந்து எம் மவளப் பொண்ணு பாக்க வாராவ," என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "கட நல்லா நடக்குதுன்னு சொல்லி வச்சிருக்கோம். அவிய வீட்டுப் பொம்பளையாளுக மத்தியானமே வந்து கடை கண்ணி பாத்துட்டு வருவாவளாம். பஸ்ஸ விட்டு எறங்குனா இந்த மண்டபத்து வாசல்தான்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "ஒங்கிட்ட நான் என்ன கேக்க? நீயே சொல்லு."

நான் எழுந்து படத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். அதற்குள் கண்காட்சி நடத்துகிறவர் ஓடி வந்தார்.

"என்னம்மா செய்யுதீங்க? வித்த பொருளு அது. அவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"பணத்தத் திருப்பிக் குடுத்துருங்க, அண்ணாச்சி. நான் விக்கல."

"நேத்து வித்துட்டு இன்னைக்கு விக்கலன்னா? இது என்ன வெளாட்டா?"

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவர் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். இருவரும் பிரேமை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோம். அக்கம்பக்கத்தில் ஆள் சேர ஆரம்பித்தது. நான் மறைக்க நினைத்த படத்தைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தக் கூட்டத்துக்குள் இல்லை. எப்போது போனாள் என்று கவனிக்கவில்லை. என் கணவர் வந்து அவர் கையை மெதுவாக விலக்கினார். நான் படத்தைச் சேலையில் சுற்றினேன்.

"இனிமே எங்க கண்காட்சியில ஒங்களுக்கு எடம் கெடையாது," என்றார் அவர். சொன்னபடியே செய்தார்.

சாயந்திரம் டாக்டரம்மா வரும்வரை நான் அங்கேயே இருந்தேன். வாசலில் பஸ் வந்து நிற்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். பட்டுச்சேலை கட்டிய எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கயத்தாற்றுக்காரியாகத் தெரிந்தது. டாக்டரம்மா வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தம்மாவக் கேக்காமலா வரைஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனேன். அக்கா என்னை உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. சேலையைப் பிரித்துக் காட்டினேன். இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க," என்றாள். "இத நான் எங்க வைக்க? நீயே கொண்டு போ."

அந்த வாரமே அவர்கள் முற்றத்துக்கு மேல் கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் கட்டினார்கள். அதன்பிறகு மாடியில் நின்றால் நீலமாக அந்தத் தார்ப்பாய்தான் தெரிந்தது. சித்திரை வெயிலில் அதற்குக் கீழே எப்படி வேகும் என்று எனக்குத் தெரியும். வேலை நிற்கவில்லை. பசை வாடை வந்துகொண்டுதான் இருந்தது.

கயத்தாறு சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம் சரியில்லை என்று தெருவில் சொன்னார்கள். படம்தான் காரணமா, அவர்கள் காதில் ஏதாவது விழுந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குக் கழுகுமலையில் கல்யாணம் ஆயிற்று. தெருவில் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தார்கள். எங்களுக்கு மட்டும் கணவரின் மில் விலாசத்துக்குத் தபாலில் வந்தது. கணவர் மட்டும் போய்விட்டு வந்தார்.

இரண்டு வருஷம் நான் எங்கேயும் படம் வைக்கவில்லை. பிறகு திருநெல்வேலியில் வேறு ஆட்கள் நடத்திய கண்காட்சியில் இடம் கிடைத்தது. மறுபடி சேலைச் சுருட்டுகளோடு பஸ் ஏறினோம். ஆட்களை வரைவதானால் நேரில் போய்க் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். பருத்திக் காட்டில் ஒரு அம்மா, "வரஞ்சுக்கோ, ஆனா எனக்கு நல்ல சேல போட்டு வரை," என்றாள். போட்டு வரைந்தேன். அது விற்கவே இல்லை.

ஒருநாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கும்போது எனக்கு முன்னால் அக்கா நின்றாள். வரிசை நகரவே இல்லை. திரும்பிப் பார்த்தவள், மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே நின்றுகொண்டு கேட்டாள்.

"இன்னும் படம் விக்கியா?"

"விக்கேன், அக்கா."

"ஓடுதா?"

"ஒரு வாரம் ஓடுது. ஒரு வாரம் ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

அவள் 'ம்' என்றாள். வரிசை நகர்ந்தது. தன் கேனைக் காலால் முன்னுக்குத் தள்ளினாள். நானும் என் கேனைத் தள்ளினேன்.