ஏரியைச் சுற்றிய கிறிஸ்துமஸ்

என் அக்காவைப் போன்ற தூங்குமூஞ்சி உலகத்திலேயே கிடையாது என்பதை எட்டு வயதில் கண்டுபிடித்தேன். அதற்கு நாங்கள் ஏற்காடு வரை போய்வர வேண்டியிருந்தது.

அக்கா அப்போது நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. விடிகாலை நாலரைக்கு எழுப்பினால் ராத்திரி பதினொன்று வரை படிப்புதான். அரையாண்டு விடுமுறையெல்லாம் என்னைப் போன்ற சாதாரணப் பிறவிகளுக்கு. விடுதிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் அன்று ஒரே ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. "ஏற்காட்டுல ஊரெல்லாம் நட்சத்திரம் கட்டியிருப்பாங்களாம், போலாங்கப்பா" என்று போனில் கேட்டவளே அவள்தான். சர்ச் வாசலில் குடில் கட்டி, வைக்கோலில் குழந்தை இயேசுவைப் படுக்க வைத்திருப்பார்கள் என்றும் சொன்னாள். அந்தக் குழந்தையைப் பார்க்கப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

கோழித் தீவன லாரி ஓட்டிய அப்பா, முதலாளியிடம் கெஞ்சி அவருடைய ஆம்னி வேனை வாங்கிவந்தார். அம்மா தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு கட்டினாள். பள்ளி வாசலில் ஏறிய அக்கா, அம்மா மடியில் தலைவைத்தாள். ராசிபுரம் வருவதற்குள் குறட்டை. மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் ஒருத்தியாகவே எண்ணிக் கத்தினேன். அவள் அசையவில்லை.

சர்ச் எதிரே அப்பா வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்கவே இல்லை. "எந்திரிச்சுட்டேங்க மிஸ், எந்திரிச்சுட்டேன்" என்றபடி காலால் செருப்பைத் துழாவினாள்.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். வண்டி நகர்ந்ததும் அக்கா மறுபடி மடியில் சாய்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. ஏரியைச் சுற்றினோம், கடைத்தெருவுக்கு வந்தோம், மறுபடியும் ஏரி. "என்னையாச்சும் எறக்கி உடுங்க!" என்று கத்தினேன்.

"தனியா எங்க போவ அம்மிணி, கூட்டத்தப் பாரு. அக்கா எந்திரிக்கட்டும், எல்லாரும் போலாம்" என்றாள் அம்மா, குரலே வெளியே வராமல்.

சர்ச்சைக் கடக்கும்போதெல்லாம் அப்பா மெதுவாக ஓட்டி, என்னிடம் "பாத்துக்க சாமி" என்பார். முதல் சுற்றில் குடிலின் கூரை தெரிந்தது. அடுத்ததில் ஓர் ஒட்டகம். மூன்றாவதில் ஆட்டுக்குட்டி. குழந்தை இருக்கும் இடத்தில் மட்டும் யாராவது ஒரு புண்ணியவான் குறுக்கே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார். ஆறாவது சுற்றில் ஒப்பாரி வைத்தேன். அம்மா என் வாயில் முறுக்கைத் திணித்தாள். ஆத்திரம் தாங்காமல் அக்காவின் காலைக் கிள்ளினேன். பலனில்லை. மூன்று மணிக்கு வண்டி மலை இறங்கியது.

பள்ளி வாசலில் நின்றதும் அக்கா கண்விழித்தாள். கன்னத்தில் அம்மாவின் சேலை மடிப்பு பதிந்திருந்தது. "ஏற்காடு வந்துருச்சுங்களாப்பா?"

"போயிட்டே வந்துட்டோம் கண்ணு" என்றாள் அம்மா.

இப்போது ஒரு சண்டை இருக்கிறது என்று ஆவலாகக் காத்திருந்தேன். அவளோ ஒரு நிமிடம் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இத்தன நல்லா ஊர் சுத்துனதே இல்லீங்கப்பா" என்று சொல்லி, தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். எதையுமே பார்க்காதவளுக்கு என்ன நல்லா இருந்திருக்கும்? சரியான லூசு என்று முடிவுகட்டினேன்.

அவளை வழியனுப்ப அம்மா இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. "காலு ரண்டும் மரத்துப்போச்சுங்க" என்றாள். அப்பா ரோட்டிலேயே குத்தவைத்து உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டார். காலையிலிருந்து சும்மா உட்கார்ந்தே வந்தவளுக்குக் கால் எப்படி மரத்துப்போகும்? நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். குழந்தையைக் காட்டாத கோபத்தில், வீடு வரும்வரை இரண்டு பேரோடும் நான் பேசவில்லை.