இல்லாத மேரி

எங்கள் ஊரில் என் வயசுக்காரர்கள் பஞ்சாயத்து ஆபீஸை மேரி என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன வார்த்தை. ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறி எவ்வளவோ காலம் ஆச்சு. பழைய மேரி கடைத்தெருக் கோடியில் பூட்டிக் கிடக்கிறது, சுவரில் அரசங்கன்று முளைத்து. சாவி என் வீட்டுக்காரரிடம் இருந்தது. எம்.எல்.ஏ.வாக இருந்தவர் கேட்டால் யார் இல்லை என்பார்கள்?

இளசுகளுக்கு அந்த வார்த்தை தெரியாது. வினை அங்கேதான் வந்தது.

அவர் போனில் யாரிடமோ பேசியதை எவனோ பதிவு பண்ணி வெளியே விட்டுவிட்டான். "நான் மேரிகிட்டதான் இருக்கேன். விடியறதுக்குள்ள முடிஞ்சிடும். வீட்ல தெரிய வேணாம்." அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் டிவியில் சிவப்பாக எழுத்து ஓடியது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அது ஓடுகிற வேகத்துக்கு நாலைந்து தடவை வந்த பிறகுதான் முழுசாகப் பிடிபட்டது: யார் அந்த மேரி?

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். அவரிடம் போய், "என்னங்க, நம்ம மேரியத்தானே சொன்னீங்க?" என்றேன்.

"ஆமா."

"அப்ப அதச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, அங்க ராத்திரியில என்ன வேலைன்னு கேப்பான்."

"என்ன வேலை?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வலை" என்றார்.

புயலில் படகும் வலையும் போன குப்பத்துக்காரர்களுக்கு என்று அரசாங்கம் கொடுத்த வலை. அதைப் பழைய மேரியில் அடைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக லாரியில் வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார். நான் அந்தக் குப்பத்தில் பிறந்தவள். என் தம்பி வலை இல்லாமல் அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"பொம்பள விஷயம்னா ஊரு சிரிச்சுட்டு மறந்துடும். வலைன்னா ஜெயிலுதான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பேசாம இரு, அது போதும்" என்று கும்பிட்டார். ஓட்டுக்காக ஊரையெல்லாம் கும்பிட்டவர், என்னைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

பேசாமல் இருந்தேன்.

வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. துஷ்டிக்கு வருவது மாதிரி மெதுவாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். நான் நடந்தால் கடைத்தெரு எழுந்து நிற்கும். அப்படிப்பட்ட என் கையைப் பிடித்துக்கொண்டு, யார் யாரோ முதுகைத் தடவினார்கள். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், லாத்தா என்றுதான் கூப்பிடுவோம், அவர் மட்டும் தடவவில்லை. அவருக்கும் என் வயசு. கிட்டே வந்து, "ஏன் புள்ள, அது நம்ம மேரிதானே?" என்று காதில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "ம்... சரி" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்த நாட்கள் எனக்குக் கனவு மாதிரிதான் இருக்கின்றன. மழை விட்ட பருவம். கடல் காத்து உப்போடு வீட்டுக்குள் வந்து, துணி எதுவும் காயாது. எல்லாரும் அவளைப் பற்றியே பேசிப் பேசி, எனக்கும் அவள் தெரிய ஆரம்பித்தாள். உயரமாக இருந்தாள். பச்சை வாயில் புடவை. பவுடர் கொஞ்சம் தூக்கல். அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நான் மீன் அலசுவதைப் பார்ப்பாள். மத்தி வாங்கினால் முகத்தைச் சுளிப்பாள், சங்கரா என்றால் பேசாமல் இருப்பாள். ஒருநாள் நான் கடையில், அவளுக்குப் பிடிக்குமே என்று சங்கராவைக் கையில் எடுத்துவிட்டேன். இல்லாதவளுக்கு மீன் வாங்குகிறோமே என்று எனக்கே தோன்றியது. ஆனால் கீழே வைக்கவில்லை, வாங்கிக்கொண்டுதான் வந்தேன். சாயந்திரத்தில் அரசலாற்றுப் பக்கமிருந்து வெளிச்சம் மஞ்சளாக உள்ளே விழும்போது, அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில், அவள் நடுவில்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் காலையில் தம்பி பெண்டாட்டி மூச்சு வாங்க வந்து நின்றாள். பின்னால் குப்பத்துப் பெண்கள், ஒரு கூட்டம். ஒருத்தி கையில் சாணி கரைத்த வாளி.

"அண்ணி, கண்டுபுடிச்சிட்டோம்!"

"எத?"

"அவளத்தான். மாதா கோயில்கிட்ட ஜாக்கெட் தைக்கிறாளே, புருஷன் செத்தவ. அவ பேரு மேரியாம்! இவ்வளவு நாளா நமக்கே அளவெடுத்துருக்கா பாருங்க, சிறுக்கி!"

"மாமா அளவையும் எடுத்துட்டாளே!" என்றாள் வாளிக்காரி. எல்லாரும் சிரித்தார்கள்.

"நமக்கு வராமப் போன வலையெல்லாம் அவ வீட்டுக்குத்தான் போயிருக்கும் அண்ணி. நீங்களும் வாங்க. உங்க கையால ஒரு வாட்டி ஊத்துங்க."

அவரைத் திரும்பிப் பார்த்தேன். பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். பேப்பர் அசையவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தையல் கடை வாசலில் எங்களுக்கு முன்னாடியே டிவிக்காரத் தம்பி மைக்கோடு நின்றான். உள்ளே மிஷினுக்குப் பின்னால் அவள். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கழுத்தில் இஞ்ச் டேப்பு. என் வீட்டு நிலையில் சாய்ந்து நிற்பவளுக்கும் இவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உங்க வீட்டு ஐயாவ நான் மேடையிலதான் பாத்துருக்கேன்."

"நடிக்காதடி!" என்று வாளி முன்னால் வந்தது. நான் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சாணி என் புடவையெல்லாம் தெறித்தது.

"தம்பி, மைக்க இங்க கொண்டா" என்றேன். "நீ எந்த ஊரு?"

"மெட்ராஸ்மா."

"அதான். மேரின்னா பொம்பள இல்ல. எங்க ஊர்ல பழைய ஆளுங்க பஞ்சாயத்து ஆபீஸத்தான் மேரிம்போம். 'மேரிகிட்ட'ன்னா, அந்தப் பழைய கட்டடத்துகிட்டன்னு அர்த்தம்."

அவன் விழித்தான். கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"அப்ப ராத்திரியில ஐயாவுக்கு அங்க என்னம்மா வேலை?" என்றான்.

அவர் சொன்ன கேள்விதான். தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வலை இருக்கு. குப்பத்து வலை. பூட்டத் தொறந்து பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி பெண்டாட்டி முதலில் நடந்தாள், அப்புறம் ஓடினாள். எல்லாரும் அவள் பின்னால் கடைத்தெருப் பக்கம் ஓட, வாளி மட்டும் என் கையில் நின்றது.

தையல்காரி தண்ணீர் கொண்டுவந்து என் புடவையைக் கழுவிவிட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. "உக்காந்து காயவச்சுட்டுப் போங்கம்மா" என்று ஸ்டூலைத் தள்ளினாள்.

வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நீங்க எழுந்து வரலியே" என்றேன்.

மிச்சமிருந்த பாதி வலையைக் குப்பத்தில் பிரித்துக்கொண்டார்கள். அவர் உள்ளே போய், ஜாமீனில் வந்து, இப்போது வாய்தாவுக்குப் போய் வருகிறார். புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று கடைத்தெருவில் என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். முதுகைத் தடவ ஒருத்தரும் வருவதில்லை.