மதகுக்காரர்

மாலை நாலு பத்துக்கு என் மகளைக் காணவில்லை. யாங்கூனின் அந்தப் பழைய நீச்சல் குளத்தில், கடலேற்றத்தால் உயரும் ஆற்றுநீரை உள்ளே விட மதகைத் திறக்குமுன் பிள்ளைகள் எல்லோரும் படியேற வேண்டும். ஒல்லியான மதகுக்காரர் சக்கரத்தில் கைவைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அன்று மூன்று பேர் பதில் சொல்லவில்லை. ஒருத்தி என் மகள்.

"எங்கண்ணே அவ?"

"பொடிசுங்களைக் கூட்டியாரப் போயிருக்கும்மா. வெள்ளைக்காரன் குளிச்ச காலத்துல எங்க தாத்தாவைச் சேறு வாரத்தான் உள்ள விட்டாங்க. இப்ப உங்க பொண்ணு சொன்னாத்தான் நான் மதகையே தெறக்குறேன்."

என் பேச்சைக் கேட்காதவள் இவருக்கு வேலை செய்கிறாளா? பயத்தோடு பொறாமையும் எரிந்தது.

குளத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து விடுபட்ட இரண்டு குழந்தைகளோடு மகள் வந்தாள். வீட்டில் என்னிடம் பர்மிய மொழி மட்டுமே பேசுகிறவள், என்னைத் தாண்டிப் போய் அவரிடம் தமிழில் சொன்னாள்:

"மாமா, எல்லாரும் ஏறியாச்சு. தெறந்துவிடுங்க."