ஆறுமுகம் குடிக்கவில்லை

முதலில் என் செருப்புதான் சொன்னது. ஒரு காலையில் இரண்டு கால்களும் அதற்குள் நுழையவில்லை. எழுபத்தாறு வயது, சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று நினைத்து வாரைத் தளர்த்திப் போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துக் குளியலறையில் இரத்த வாந்தி எடுத்தேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைத்து, ஒன்று வெடித்திருந்தது. சின்ன ரப்பர் வளையங்களால் அவற்றைக் கட்டினார்கள். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். கடைசியில் ரப்பர்தான் என் உயிரைப் பிடித்து நிறுத்தியது.

நோய், ஈரல் சுருக்கம் (ஈரல் தழும்பேறி இறுகிப் போவது).

“குடிப்பீங்களா அங்கிள்?” என்று கேட்டார் மருத்துவர். என் பேத்தி வயதுப் பெண்.

“தொட்டதே இல்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க லா,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வார்த்தையை ஒரு பெண்ணிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

கோப்பெங் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸராக (தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தும் மருத்துவ உதவியாளர்) இருந்தேன். பால்மரம் வெட்டும் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும்) ஆறுமுகம் ஒருநாள் வயிறு வீங்கி வந்தான். சாராயம் என்றேன். “அவரு குடிக்க மாட்டாருங்கய்யா,” என்றாள் அவன் மனைவி பாப்பாத்தி. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க என்றேன். சில மாதங்களில் அவன் இரத்தம் கக்கி இறந்தான். பிணத்தைத் தூக்கிப் போகும்போதே குடிகாரன் என்று பேசிக்கொண்டு போனார்கள். டிரஸர் சொன்னது ஆயிற்றே.

என் இரத்தச் சோதனையில் ஹெப்பாடைட்டிஸ் சி (இரத்தத்தின் வழி பரவும் ஈரல் கிருமி) என்று வந்தது. மருத்துவர் அடுத்து, எங்காவது ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டார்.

“நான் போட்டவன்,” என்றேன்.

ஒவ்வொரு ஊசியையும் இருபது நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். பரீட்சை எழுதித் தேறியவன், எனக்குத் தெரியாததல்ல. மண்ணெண்ணெய் அடுப்பு மெதுவாகச் சூடேறும். வெயில் ஏறும் முன் தோட்டத்து ஆட்கள் மரத்துக்குப் போயாக வேண்டும். வெறும் மாத்திரை கொடுத்தால் அதை வைத்தியமாகவே மதிக்கமாட்டார்கள். “ஊசி போடுங்கய்யா, ஒங்க கை ராசியான கை.” போட்டதெல்லாம் சத்து ஊசி, பெரும்பாலும் தேவையில்லாதது. ஒருவருக்குப் போட்ட ஊசியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவர் கையில் குத்தினேன். அவசரத்தில் என் விரலிலும் எத்தனையோ முறை குத்திக்கொண்டேன்.

அந்தக் கிருமிக்கு அப்போது பெயர்கூட இல்லை. ஆனால் கொதிக்கவைக்கும் விதி இருந்தது. அவர்கள்தான் கேட்டார்கள் என்பது பதில் ஆகாது. ராசியான கை என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

“நாப்பது வருஷமா ஒண்ணுமே தெரியலையே, எப்படிம்மா?”

மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு உள்ளே ஒரே அடுக்காக உயிரணுக்கள் படிந்திருக்கின்றன. “சுவர்னு நெனைக்காதீங்க அங்கிள், சல்லடை. ஓட்டை ஓட்டையா இருக்கும். அது வழியாத்தான் ரத்தத்துல இருக்கறது ஈரலுக்குப் போயிட்டு வரும்.” நோய் நீடித்தால் அந்த ஓட்டைகள் அடைபடுகின்றன, பின்புறம் ஒரு படலம் வளர்கிறது. பக்கத்திலேயே விண்மீன் அணுக்கள் (தழும்பு நாரை உண்டாக்குபவை) தூங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தூங்கவைத்திருப்பதும் இந்தச் சல்லடை அணுக்கள்தாம். இவை கெட்டதும் அவை விழித்து நாரை அடுக்கத் தொடங்கும். குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். வழியில்லாத இரத்தம் உணவுக்குழாய்ப் பக்கம் திரும்பும். என் வீட்டுக் குளியலறையில் கொட்டியது அதுதான்.

“தழும்பு விழறதுக்கு முன்னாலயே இதுங்க மாறிடும். வலிக்காது. அதனாலதான் ஒங்களுக்குத் தெரியல.”

“மறுபடி தொறக்குமா?”

“கிருமி போனா கொஞ்சம் தொறக்கலாம். எவ்வளவுன்னு பொய் சொல்ல மாட்டேன். சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்ல சான்ஸ் இருக்கு.”

எனக்கு என் ஈரல் மறந்துபோயிற்று. விடிகாலையில் என் முன் வரிசையாக நீண்ட கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். கிருமி போயிற்று, தழும்பு இருந்தது. பழைய தோட்டத்து ஆட்களிடம் சொல்லப்போகிறேன் என்றதும் என் மகன் பதறினான்.

“வாயத் தொறக்காதீங்கப்பா. கேஸ் போட்டா என்னா செய்வீங்க?”

“போடட்டும். நானே சாட்சி சொல்றேன்.”

பாப்பாத்தி காம்பார் ஊரில் மகள் வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், “வாங்க டிரஸரய்யா. ஊசிப் பெட்டிய எங்க காணோம்?” என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுமுகத்துக்கு எதனால் வந்தது என்று இனி நிரூபிக்க முடியாது, என் ஊசியாலும் இருக்கலாம் என்றேன்.

வீங்கியிருந்த என் கால்களைப் பார்த்தாள்.

“அப்ப அவரு குடிக்கல.”

“குடிக்கல.”

“அன்னைக்கே சொன்னேன்ல?”

“சொன்னீங்க. நான் கேக்கல.” வாழ்நாளில் முதல் முறையாக அவரை ‘நீங்க’ என்றேன்.

இரத்தம் சோதிக்க வாருங்கள் என்றேன். மறுத்துவிட்டார். “ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் தோட்டத்துக் கோயிலுக்கு வருவாங்க. மைக்கப் புடிச்சு அவரு பேர சரி பண்ணுங்க. அப்புறம் கைய நீட்டுறேன். அது வரைக்கும் கிருமி இருந்தா இருந்துட்டுப் போவுது.”

ரப்பர் தோட்டம் போய்விட்டது, செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது. கோயில் மட்டும் இருக்கிறது. வீங்கிய கால்களோடு நின்று மைக்கைப் பிடித்தேன். ஆறுமுகம் குடிக்கவில்லை, குடித்தார் என்று சொன்ன நான்தான் தவறு செய்தேன் என்றேன். ஊசி விஷயத்தையும் சொன்னேன்.

“சாமி முன்னால இதெல்லாம் எதுக்கு சார்? விடுங்க,” என்றார் பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர்.

“நீங்களும் என்கிட்ட ஊசி போட்டுக்கிட்டவருதான். மொதல்ல போய் ரத்தத்தச் சோதிச்சுக்குங்க.”

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “எங்கப்பாவையும் நீதான் கொன்னியா?”

“தெரியல தம்பி. இருக்கலாம். ஒங்கம்மா இருக்காங்கல்ல? கூட்டிட்டு வா.”

அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் அசையவில்லை. அடுத்த வாரம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை.

பாப்பாத்தியும் வந்தார். சொன்னபடி கையை நீட்டினார். தாதி ஊசி உறையைப் பிரிக்கும்போது, “புது ஊசிதானம்மா? இல்ல, இந்தாளு பக்கத்துல இருக்காரு, அதான் கேட்டேன்,” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் இரத்தத்திலும் கிருமி இருந்தது. ஈரல் இன்னும் இறுகவில்லை. தொலைபேசியில் சொன்னார்: “என்னோட சல்லடை இன்னும் நல்லாத்தான் இருக்காம். ஒங்களுது மாதிரி இல்ல. ஐயா, ஒங்கள நான் மன்னிச்சேன்னு நெனைச்சுராதீங்க. மாத்திரை எப்ப சாப்புடணும், சோத்துக்கு முன்னாலயா பின்னாலயா?”

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்தக் காலத்து ஊசி நினைவிருந்தால், வலிக்காகவோ வீக்கத்துக்காகவோ காத்திருக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியவன் நான். நீங்கள் கையை நீட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துகிறேன். குழி விழுகிறது. அது நிரம்பும்வரை எண்ணுகிறேன். முன்பு நாற்பது வரை எண்ணியிருக்கிறேன், நேற்று பதினைந்து. ஊசி கொதிக்க இருபது நிமிடம் பொறுக்காதவன், இப்போது ஒரு விரல் குழி நிரம்பப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே எத்தனை ஓட்டைகள் திறந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை நாள் மிச்சம் என்றும் நான் கேட்பதில்லை.

இன்று செருப்பு நுழைந்தது. பழைய தோட்டத்து ஆட்களில் கமுந்திங்கில் இரண்டு வீடு சொல்லப் பாக்கி இருக்கிறது. பஸ் பிடிக்க வேண்டும்.