வாயால் கொடுத்த லைன் கிளியர்

பின்னறைச் சுவரோரம் துணி போர்த்தி நிற்கும் இரண்டு பலகைகள் என்னவென்று நீங்கள் இருவரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். பழைய கதவு என்று ஒருமுறை சொன்னேன். இன்னொரு முறை பேச்சை மாற்றினேன். அவை கதவு இல்லை, ஸ்பீக்கர். அவற்றின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் ஓடுகிற செம்புக் கம்பியை ஏன் யாரும் தொடக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இது நடந்தபோது உங்களில் ஒருவருக்கு இரண்டு வயது, இன்னொருவர் பிறக்கவில்லை.

டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு சார் அவற்றை என்னிடம் கொடுத்தார். தெர்மல் பவர் ஸ்டேஷனில் நான் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். வீட்டில் ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பேன். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஆளுயரம், முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட தகடு. தூக்கினால் அடிப்பாகம் மட்டும் கல்லாகக் கனத்தது. உள்ளே டிரான்ஸ்பார்மரும், பழைய ரேடியோவில் பார்க்கிற கண்ணாடி வால்வுகளும் இருந்தன. ஆம்ப்ளிபயர் அந்த ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது.

சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் காகிதக் கூம்பும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே, பால் பாக்கெட் உறையைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு பிலிம். அதன்மேல் ஆயிரக்கணக்கான வோல்ட். பாட்டு வரும்போது அந்தப் பிலிம் மொத்தமும் அசைகிறது, அவ்வளவுதான்.

"ஆஃப் பண்ணாலும் இது தூங்கும் தம்பி, சாகாது," என்றார் சார். "உள்ள கைய வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு கம்பிய வெச்சு எர்த் பண்ணிடுங்க. இல்லன்னா கரண்ட் உள்ளயே தங்கிக்கும்."

சரிங்க சார் என்று தலையாட்டினேன். எனக்கா தெரியாது என்ற நினைப்பு.

அந்த வருடம் கரண்ட் கட் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்காது. நம் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் குடியேறிய காலனியில். வாசலில் நின்றால் தெர்மலின் புகைபோக்கிகள் தெரியும். அங்கே பிறக்கும் கரண்ட் நம் தலைக்கு மேலே பெரிய கம்பிகளில் போகும். நம் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் வராது. பக்கத்தில் வடலூரிலும் அதே கதைதான். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சுவிட்ச் மாற்றுவதா, மிக்ஸியைப் பிரிப்பதா, கட் நேரத்தில்தான் செய்வோம். கரண்ட் போனால் கை வைக்கலாம். அது எங்களுக்குச் சட்டம் மாதிரி.

தெர்மலில் அப்படி இல்லை. அங்கே லைன் கிளியர் வாங்காமல் ஒரு நட்டைக்கூடத் தொட முடியாது. ஒருவர் லைனை நிறுத்தி, மிச்சக் கரண்ட் மண்ணுக்குள் இறங்கும்படி கம்பி மாட்டி எர்த் செய்து, சிவப்பு அட்டை தொங்கவிட்டு, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அப்புறம்தான் வேலை. கொடுத்தவர்தான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். காகிதம் இல்லாமல் வாயால் லைன் கிளியர் சொல்வதைவிடப் பெரிய தப்பு எங்கள் வேலையில் இல்லை.

ஒரு ஸ்பீக்கரை மூன்று வாரத்தில் முடித்தேன். கிழிந்த பிலிமை எடுத்துவிட்டு, சென்னையிலிருந்து வரவழைத்த புதுப் பிலிமை இழுத்து ஒட்டி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டிச் சுருக்கம் எடுத்தேன். பிலிமில் கரண்ட் சமமாகப் பரவுவதற்காகப் பென்சில் கரியைத் தூளாக்கிப் பஞ்சால் தேய்த்தேன். ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரச் சாக்கைச் செருகிவைத்தேன். நம் ஊர்க் காற்றில் நிலக்கரித் தூசி எப்போதும் இருக்கும். காலையில் துடைத்த தரை மத்தியானம் கறுக்கும். அந்தத் தூசி பிலிமில் படிந்தால் கரண்ட் அதன்மேல் ஏறித் தகட்டுக்குத் தாவும்.

முதல்முறை போட்டபோது நாதஸ்வரம் வைத்தேன். வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, அறைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அன்று முதல் ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக்.

"பல்லி சொல்லுதுங்க," என்று அம்மா விரலால் சுவரைத் தட்டுவாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மழைக்கு முன்னால் இடி விழுந்த இடத்தில் வருமே, அப்படி ஒரு வாசனையும் அறையில் இருந்தது. அதையும் பெரிதாக எண்ணவில்லை.

இரண்டாவது ஸ்பீக்கரைச் சோதிக்கிற அன்று உங்கள் மாமா வந்திருந்தான். ஒன்பது வருடம் மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தவன்; பெர்மனெண்ட் லிஸ்டில் அப்போதுதான் அவன் பெயர் வந்திருந்தது. அடுத்த வாரம் மெடிக்கல். கண், காது, கை விரல் எல்லாம் பார்ப்பார்கள். ஏதாவது குறை இருந்தால் பெயர் போய்விடும். அதனால் அந்த ஒரு வாரமும் அவன் சைக்கிளைக்கூட மெதுவாக மிதித்தான்.

"இன்னா மாமா, கதவுக்கெல்லாம் கரண்ட் குடுத்துகினு கீற?" என்றான் உள்ளே வரும்போதே.

"பாட்டு பாடுற கதவுடா."

"எங்க வூட்டுக் கதவும் பாடும். எண்ணெய் வுடலன்னா நல்லா பாடும்."

பின்மூடியைக் கழற்றிவைத்து ஸ்பீக்கரை ஆன் செய்திருந்தேன். வால்வுகள் சிவப்பாக எரிந்தன. பாட்டில் ஒரு கரகரப்பு. தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்று உள்ளே தளர்ந்திருந்தது. என் கை தடிமன், அங்கே நுழையாது. அவன் விரல் மெலிசு. ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு குந்தினான். நான் சுவிட்சை அணைக்கப் போவதற்குள் பேன் நின்றது. சாயங்காலக் கட். மூடிய அறை இருண்டது.

"கரண்ட் போயிடுச்சு மாமா. கைய வெக்கலாமா?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "லைன் கிளியர்."

அதைச் சொன்னது நான்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் ஒருமுறை யோசித்திருப்பான்.

அடுப்படிப் பக்கமிருந்து அம்மா வந்து அறை வாசலில் நின்றாள். அந்த இருட்டில், பேன் சத்தமும் இல்லாத அமைதியில், டிக் என்றது. அவள் கதவு நிலையைத் தட்டிவிட்டு, "கரண்ட் போனாலும் இந்தப் பல்லி வுடாது போல," என்றாள்.

சத்தம் சுவரிலிருந்து வரவில்லை, பிலிமிலிருந்து வந்தது; அது பல்லி இல்லை, கரண்ட் தாவுகிற சத்தம். கரண்ட் போன பிறகும் அது எப்படி வருகிறது? சார் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. "எடுடா கைய" என்று கத்தினேன். நான் கத்தியதும் நீலமாக ஒரு வெளிச்சம் வந்ததும் ஒன்றாகவே இருந்தன.

அவன் பின்னால் பறந்து இரும்புக் கட்டிலில் மோதி விழுந்தான். கண் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நெஞ்சில் கைவைத்து அழுத்தினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பிறகு அவன் இருமினான்.

வெகுநேரம் கழித்துப் பேசினான். "லைன் கிளியர் குடுத்த ஆளு யாரு மாமா? மேல கம்ப்ளைண்ட் எழுதணும்."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஆட்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தினமாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. கட்டிலில் பட்டிருந்த முழங்கையில் இன்னொன்று. அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. மெடிக்கலில் டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்து என்ன இது என்று கேட்டாராம். வடை சுட்டப்ப எண்ணெய் தெறிச்சுதுங்க என்று சொல்லிவிட்டு வந்தான். பாஸ் ஆகிவிட்டான். ஆனால் அந்த விரலுக்கு இன்றைக்கும் சூடு தெரியாது. கொதிக்கிற டீ கிளாஸை அவன் அந்த விரலால் கூசாமல் பிடித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாமா தைரியசாலி என்று நினைத்திருப்பீர்கள். அது நான் செய்த வேலை.

சாருக்கு போன் செய்தேன். அவர் தன் மகன் இருக்கும் ஊருக்குக் குடிபோயிருந்தார். நீங்களே வெச்சுக்குங்க தம்பி என்றார். இரண்டையும் எர்த் செய்து, கம்பியைக் குழாயோடு கட்டிவைத்தேன். அதற்குப் பிறகு அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கவில்லை. அவை செத்துவிட்டன என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பல்லி சொன்னால் எழுந்து போய்க் கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

நாளைக்கு நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும், யாராவது சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்ல, கை வை" என்பார்கள். அது அப்பாவாக இருந்தாலும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாமா இப்போதும் வீட்டுக்கு வந்தால் கேட்டிலேயே நின்று, "மாமா, லைன் கிளியரா?" என்று கேட்கிறான். நீங்கள் இருவரும் உள்ளிருந்து "கிளியர், கிளியர்" என்று கத்துகிறீர்கள். நான் மட்டும் எழுந்து பின்னறைக்குப் போய்க் கம்பியைப் பார்த்துவிட்டு வருவதைக் கவனித்திருப்பீர்கள்.