சரளை மேட்டில் நான்கு முட்டைகள்

கல்பாக்கத்தில் டெக்னீசியனாகச் சேர்ந்து பதினாறு வருடமாகியும், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தச் சின்னக் காப்புக்காட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சரளை மேடும் முட்புதரும்தான் தெரியும். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, ஆபீஸ் பஸ் வருவதற்கு முன் அங்கே நடக்கத் தொடங்கினேன்.

களாச்செடி பூத்திருந்தது. புதருக்குள் கௌதாரி கத்தும். சில நாள் கீரி ஒன்று பாதையைக் கடக்கும். பங்குனியில் ஒரு காலை, மஞ்சள் மூக்கு ஆள்காட்டிப் பறவை ஒன்று என் முன்னால் ஓடி ஓடிக் கூச்சலிட்டது. சட்டென்று நின்றேன். இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன். கூடு என்று எதுவுமில்லை. வெறும் தரையில், சரளையின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். ஒரு சாண் தள்ளி பைக் டயரின் தடம்.

காட்டுக் காவலரிடம் போய்ச் சொன்னேன். மெயின்ரோட்டுக்கு அதுதான் குறுக்கு வழி, வருடா வருடம் முட்டைகள் டயரில் நசுங்குகின்றன, சொன்னால் யாரும் கேட்பதில்லை என்றார்.

மறுநாள் விடிந்ததும் பாதையில் நின்றுகொண்டேன். முதலில் பைக்கில் வந்தவர் ஒரு கொத்தனார். பின்னால் அவர் மனைவி.

"இன்னாக்கா, வழிய மறிச்சிகினு நிக்கிற?"

"முட்ட கீதுண்ணா. கொஞ்சம் சுத்திப் போ."

அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவிதான் முதலில் கண்டுபிடித்து, "தோ பாரு, நாலு" என்றார்.

கொத்தனார் பக்கவாட்டைக் காட்டினார். எல்லாம் பெரிய பெரிய கல். "அதுல எப்டி வண்டி வுடறது? நேரமாச்சுனா மேஸ்திரி திருப்பி அனுப்சிடுவான். உனுக்கு மாச சம்பளம்."

காலை ஊன்றி, முட்டைகளை ஒட்டி மெல்ல உருட்டிக்கொண்டு போனார். என் அம்மா அச்சரப்பாக்கத்துப் பக்கம் நடவுக்குப் போனவள். தாமதமாகப் போன நாளில் வரப்பிலிருந்தே திரும்பி வந்திருக்கிறாள். கொத்தனார் கேட்டது நியாயம். சுற்றிப் போகச் சொன்னால், சுற்றிப் போக வழி வேண்டும்.

அன்று சாயங்காலம் காவலரிடம் அனுமதி கேட்டு, அவருடைய கடப்பாரையையும் வாங்கிக்கொண்டேன். செடி எதையும் தொடாமல் கற்களை மட்டும் நெம்பி ஓரமாக உருட்டினேன். உள்ளங்கை கொப்புளித்தது. மறுநாளும் போனேன். அன்று காவலரும் வந்து சேர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் முடிவில் முப்பது தப்படிக்கு ஒரு சுற்றுவழி. பழைய தடத்தின் இரு முனையிலும் காய்ந்த முள்ளை இழுத்துப் போட்டோம்.

அடுத்த நாள் காலை கொத்தனார் வண்டியைப் புது வழியில் திருப்பினார். மனைவி கையைத் தூக்கிக் காட்டினார். யாரோ ஒரு தடவை முள்ளை எடுத்து எறிந்தார்கள். நான் மறுபடி போட்டேன். தினமும் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். வெயில் ஏறும்போது ஆள்காட்டி குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள்மேல் உட்காரும். ஒரு நாள் மூன்றுதான் இருந்தன. கீரியாக இருக்கலாம். அதற்கும் வயிறு இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு முட்டையும் இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். தாய்ப்பறவை கத்திய பக்கம் பார்த்தபோது சரளை அசைந்தது. கட்டைவிரல் அளவில் மூன்று குஞ்சுகள்.

கொத்தனார் வண்டியை நிறுத்தினார். "பொரிச்சிடிச்சா?" என்று அவர் மனைவி கேட்டார். காட்டினேன்.

முள்ளை நாங்கள் எடுக்கவில்லை. இப்போது எல்லா வண்டியும் சுற்றுவழியில்தான் போகிறது.