தட்டு சுத்தமாக வரக் கூடாது

பாண்டிச்சேரி உப்பளத்தில், ஜானகிராமனின் மருந்துக்கடைக்கு எதிரே, ஒன்பது வருஷமாக, ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை ஐந்தரை மணிக்கு ஒரு பெண் வந்து நின்றாள். கையில் காலிச் சோத்துத் தூக்கு, தோளில் ஒரு துணிப்பை. பெயர் கொளஞ்சி. கால் மணி நேரம் நிற்பாள். கைக்குழந்தையோடு யாராவது கடைப்படி ஏறினால் தெருவைத் தாண்டி வந்து கேட்பாள்.

"எத்தினி நாளைக்கு மாத்திரை வாங்கப் போற?"

"ரெண்டு வேளைக்குத்தாங்கா."

"அப்ப வாங்காத. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. மூத்திரம் டெஸ்ட் பண்ணச் சொல்லு. இவன்கிட்ட வாங்கித்தான் எம் பொண்ண வாரிக் குடுத்தேன்."

பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். ஜானகிராமன் போலீசுக்குப் போனார். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் வந்து கொளஞ்சியை மேலும் கீழும் பார்த்தார். "ரோட்ல நிக்கறது குத்தம் இல்ல சார்" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். அன்றைக்கு அவள் கால் மணிக்குப் பதில் அரை மணி நேரம் நின்றாள்.

அவளைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. பைத்தியமெல்லாம் இல்லை. வஞ்சம். சுத்தமான, தண்ணீர் கலக்காத வஞ்சம். அதை அவள் மறைத்ததும் இல்லை.

கொளஞ்சியின் புருஷன் பலராமன் மில்லில் தறி ஓட்டுகிறவன். அவர்களுக்கு ஒரே பெண், அஞ்சலாட்சி. நாலு வயதில் அவளுக்கு முதல் முறையாக நீர்க்கடுப்பு வந்தது. ஒண்ணுக்குப் போகும்போது காலை உதறிக்கொண்டு அழுவாள், ராத்திரிக்குக் காய்ச்சல் அடிக்கும். கொளஞ்சி ஜானகிராமன் கடைக்கு ஓடினாள். அவர் ஆம்பிசிலின் கேப்சூல் இரண்டை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"பிரிச்சு, தேன்ல கொழைச்சுப் பாதி பாதியா குடும்மா. நாளைக்கே எழுந்து ஓடும்."

சொன்னபடியே எழுந்து ஓடியது. இரண்டு மாதம் கழித்து மறுபடி கடுப்பு, மறுபடி இரண்டு கேப்சூல். அதற்கப்புறம் நாற்பது நாளில். அதற்கப்புறம் மாதா மாதம். இங்கிலீஷ் மருந்து சூடு, காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜானகிராமனுக்கும் அது தெரிந்த விஷயம்தான். ஆம்பிசிலின் கேட்காதபோது டெட்ராசைக்ளின் கொடுத்தார். அதுவும் கேட்காதபோது சல்ஃபா மாத்திரை. எது கொடுத்தாலும் இரண்டுதான்.

கூடவே ஒரு சொல்லையும் கொடுத்தார். கடையில் நாலு பேர் நிற்கும்போது சொன்னார்.

"ஏம்மா, புள்ளைய சுத்தமா வெச்சுக்க மாட்டியா? அழுக்கு வூட்டுப் புள்ளைக்குத்தான் இந்த நோவு திரும்பத் திரும்ப வரும்."

கொளஞ்சி தலைகுனிந்து வந்துவிட்டாள். வீட்டுத் தரையை அன்று மூன்று முறை பினாயில் போட்டுத் துடைத்தாள்.

கடைசியில் அஞ்சலாட்சிக்குக் காய்ச்சல் விடவே இல்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறுநீர் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பாண்டிச்சேரியில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்? அடுத்த நாள் எடுத்துப் போய்க் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிருமி ஒன்றும் வளரவில்லை. சாதாரணக் காய்ச்சல்தான், போய்விட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அவள் திரும்ப ஜானகிராமனிடம் போனாள். திரும்ப இரண்டு கேப்சூல்.

மூன்று வாரத்தில் பிள்ளை முகம் வீங்கி, கண் செருகி, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கேயே பெட் போட்டு, அங்கேயே சிறுநீர் எடுத்தார்கள். இம்முறை சோதனைத் தட்டு நிறையக் கிருமி. ஒரே ஒரு ஊசி மருந்தைத் தவிர எதற்கும் சாகாத கிருமி. அந்த ஊசியைப் போடுவதற்குள் அது ரத்தத்தில் ஏறிவிட்டது. எழுபத்தேழாம் வருஷம், ஆடி மாதம். அஞ்சலாட்சிக்கு ஆறு வயது.

சாவுக்கு வந்தவர்களில் ஒருத்தி சொன்னாள், கடையில் ஜானகிராமன் பேசிக்கொண்டிருந்தாராம். நான் என்ன பண்ணுவேன், அழுக்கு வீடு என்றாராம். கொளஞ்சி அப்போது அழுதுகொண்டிருந்தாள். அழுகையை நிறுத்தினாள். அதற்கப்புறம் அவள் யார் முன்னாலும் அழுததில்லை.

ஆறே மாதத்தில் அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். வார்டில் போடுகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றாள். கிருமி வளர்க்கிற லேபில்தான் வேண்டும் என்று நாலு நாள் வாசலில் உட்கார்ந்தாள். தன் பெண்ணைக் கொன்றது எது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் அதை ஜானகிராமனின் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

லேப் டெக்னீஷியன் தெய்வசிகாமணி நல்ல மனுஷர். கடல்பாசிக் கஞ்சி ஊற்றி உறைய வைத்த கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தட்டு முழுக்க வெண்மையாகக் கிருமி படர்ந்திருந்தது. அதன் மேல் பொட்டு அளவில் வட்டக் காகிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து.

"மருந்து கேட்டுச்சுன்னா பொட்டைச் சுத்தி வட்டமா வெறிச்சோடியிருக்கும், பாரு. கேக்கலன்னா பொட்டு வரைக்கும் வந்து ஒட்டிக்கினு வளரும்."

"ஏன் சார் கேக்க மாட்டேங்குது?"

"ரெண்டு மாத்திரை குடுத்தா நோஞ்சான் கிருமி சாவும். முரடன் தப்பிச்சுக்குவான். அடுத்த தடவை வளர்றது அத்தனையும் முரடன் வம்சம். அதுங்களுக்கு இன்னொரு மருந்து ரெண்டு குடுத்தா, அதுக்கும் தாங்குற முரடன் மிஞ்சுவான்."

கொளஞ்சிக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை. மறுநாள் மாலை ஐந்தரைக்குக் கடைக்கு எதிரே முதல் முறையாக நின்றாள்.

ஜன்னலில் பாட்டில் வாங்குவது அவள் வேலை. குவார்ட்டர் பாட்டில், தலைக்கெண்ணெய் பாட்டில், ஜாம் பாட்டில் என்று ஜனங்கள் எதில் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு வருவார்கள். சேர்ந்த புதிதில் ஒரு நாள் தெய்வசிகாமணி ஒரு பாட்டிலை முகர்ந்துவிட்டு அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்.

"பினாயில்ல கழுவியிருக்காங்க. உள்ள கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்தாலே போதும், கிருமி செத்துடும். தட்டு சுத்தமா வரும். ஒண்ணுமில்லன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. உள்ள இருக்கிற கிருமி புள்ளைய தின்னுக்கினு இருக்கும். எந்தப் பாட்டிலும் முகராம வாங்காத, கொளஞ்சி."

அவள் சரி என்றாள். பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலாட்சியின் முதல் பாட்டில், பலராமன் குடித்துப் போட்ட பிராந்தி பாட்டில். அழுக்கு வீடு என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று அதைப் பினாயில் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவியது அவள்தான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழுக்கு வீடு என்று சொன்னது யார்? ஜானகிராமன். அப்படியானால் பினாயிலும் அவன் தலையில்தான். அதையும் சேர்த்தே அவன் வாசலில் நின்றாள். நியாயமா என்று கேட்டால், வஞ்சம் வைத்தவளிடம் தராசைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல முடியாது.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில், ஒரு காலை வேளை, ஜன்னலுக்கு வெளியே ஜானகிராமன் நின்றார். தலை நரைத்திருந்தது. கையில் மஞ்சள் பை. அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். வேறு ஜன்னல் இல்லை. திரும்ப முன்னால் வந்தார்.

"பேத்தி... ரெட்டியார்பாளையத்துல குடுத்த பொண்ணோட புள்ள. மூணு வயசு. விட்டு விட்டுக் காய்ச்சல். மூத்திரத்துல கிருமி வளருதான்னு கல்ச்சர் பண்ணச் சொல்லியிருக்காங்க."

பாட்டிலை நீட்டினார். கொளஞ்சி வாங்கினாள். பளபளவென்று துடைத்த பாட்டில். மூடியைத் திறந்தாள். கிருமி கொல்லும் லோஷன் வாசனை குப்பென்று அடித்தது. அடியில் பால் சிந்தியது போல வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

ஒன்பது வருஷம் தெருவில் நின்றவளுக்குப் பழி தீர்க்கும் வழி தானாகக் கைக்கு வந்துவிட்டது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. மூடியைத் திருகி, சீட்டை ஒட்டி, உள்ளே வைத்தால் போதும். நாளைக்குத் தட்டு சுத்தமாக வரும். அவரும் பேத்தியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார். தானே இரண்டு கேப்சூல் கொடுப்பார். அப்புறம் அவர் வீட்டிலும் ஒரு ஆடி மாதம் வரும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

மூடியைத் திருகவும் திருகிவிட்டாள். சீட்டைப் பசையில் தோய்த்தாள். அப்போதுதான் அது உறைத்தது. தட்டு சுத்தமாக வந்தால் இவன் தப்பித்துவிடுவான். கிருமி இல்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினது போல ஆகும். பிள்ளை செத்தால்கூட விதி என்பான், காய்ச்சல் என்பான். மாத்திரை என்று ஒரு நாளும் சொல்ல மாட்டான். இவன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் இவனை விடக் கூடாது.

பாட்டிலை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியில் கவிழ்த்தாள்.

ஜானகிராமன் கத்தினார். "என் மேல இருக்கிற ஆத்திரத்த பச்சப் புள்ள மேல காட்றியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பெரிய டாக்டர்கிட்ட போறேன்."

"போ. போய்ட்டு வந்து இத வாங்கிக்க." கொதிக்க வைத்த பாட்டிலை ஜன்னலில் வைத்தாள். "இதக் கழுவாத, தொடைக்காத. மொதல்ல வர்றத வுட்டுட்டு நடுவுல வர்றதப் புடி. புடிச்சதும் எடுத்தாந்துடு. வழியில டீ குடிக்காத."

அவர் வைதுகொண்டே எடுத்துப் போனார். முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வாங்க வந்தவரை அவள் உள்ளே கூப்பிட்டாள். தெய்வசிகாமணிக்கு அவர் யார் என்று தெரியும். பக்கத்து மேஜைக்கு நகர்ந்துகொண்டார். கொளஞ்சி தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"பொட்டுல எழுத்து போட்டிருக்கு. உனக்கு இங்கிலீஷ் தெரியுமே. படி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆம்பிசிலின்."

"வட்டம் இருக்குதா?"

"இல்ல."

"அடுத்தது."

"டெட்ராசைக்ளின். இல்ல... சல்ஃபா. இல்ல." குரல் இறங்கிக்கொண்டே போனது. "குளோராம்பெனிகால்... இல்ல."

"இதுல எது எதெல்லாம் பேத்திக்குக் குடுத்த?"

"எல்லாம் குடுத்தேன்."

"எத்தினி?"

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் விடவில்லை. இன்னொரு முறை கேட்டாள்.

"ரெண்டு ரெண்டு" என்றார்.

"உன் வூடு அழுக்கு வூடா?"

அவர் முகத்தைப் பார்த்தபோது கொளஞ்சிக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்வானேன், நிறைந்தது. ஒன்பது வருஷம் நின்ற கால்வலி அந்த ஒரு நிமிஷத்தில் இறங்கியது. ஓரத்தில் இருந்த பொட்டைக் காட்டினாள். அதைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறிச்சோடியிருந்தது.

"ஜென்டாமைசின் ஊசி. இது கேக்குது. ரிப்போர்ட்ட எடுத்துக்கினு, புள்ளையத் தூக்கிக்கினு வார்டுக்கு ஓடு. போடச் சொல்ற அத்தினி நாளும் போடு."

வாசல் வரை போனவர் திரும்பினார். "மொத பாட்டில ஏம்மா கொட்டின?"

"லோஷன் போட்டுக் கழுவியிருந்த. வாங்கியிருந்தா ஒண்ணுமில்லன்னு வந்திருக்கும்."

"வாசனையிலயே கண்டுபுடிச்சியா?"

"தெரியும்" என்றாள். அதற்கு மேல் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலை கடை பூட்டியிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பூட்டிய கடைக்கு எதிரே கொளஞ்சி தன் கால் மணி நேரத்தை நின்றாள். வைய ஆள் இல்லை. அந்தக் கால் மணியில், இத்தனை வருஷமாக ஜானகிராமன் தலையில் ஏற்றி வைத்திருந்த பினாயில் பாட்டில் மெல்ல இறங்கி அவளிடமே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனாள். பலராமன் கையை நீட்டித் தூக்கை வாங்கினான். அவள் நின்றபடியே சொன்னாள்.

"அஞ்சலாட்சியோட மொத பாட்டில நான் பினாயில் போட்டுக் கழுவினேன். அதனாலதான் கிருமி தெரியாமப் போச்சு."

"தெரியும்" என்றான் பலராமன்.

அவள் அவனைப் பார்த்தாள்.

"நீ கழுவறப்ப தண்ணி மொண்டு ஊத்தினது நான்தான். நீ வேலைக்குப் போன புதுசுல, பினாயில்ல கழுவின பாட்டிலக் கொண்டாராங்க, கிருமி தெரியாமப் போவுதுன்னு வந்து சொன்னியே, அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"நீ அவன்மேல கோவமா இருந்த. இருக்கட்டும்னு வுட்டேன். அவன வுட்டா நீ உன்னையே தின்னுடுவ." தூக்கைக் கழுவப் போட்டான். "என்னையும் தின்னிருப்ப."

ஒன்பது வருஷம் கழித்து அன்றைக்குக் கொளஞ்சி அழுதாள். பலராமன் தடுக்கவில்லை.

பேத்தி பிழைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து ஜானகிராமன் கடையைத் திறந்தார். கொளஞ்சி மன்னித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். மாலை ஐந்தரைக்கு எதிரே பார்த்தார். கைக்குழந்தையோடு யாராவது படி ஏறுகிறார்களா என்று பார்த்தபடி அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில், மில் சட்டையைக்கூட மாற்றாமல், பலராமனும் நின்றான்.